நாலு நிமிடத்தைக் காணவில்லை

“என் படமெல்லாம் சுருங்கிக்கிட்டே வருதுங்க” என்றார் பல் டாக்டர்.

விளையாட்டு டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்ளரை வாய்க்குக் கொடுத்து ஒருவாறு அடக்கிக்கொண்டாள். அவளுடைய அக்கா புருஷன் சிரிக்கவில்லை. அவர் முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளையும் லிட்டர் குவளைகளையும் சோதித்தவர். அந்தக் காலத்தில் வியாபாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த ‘படிக்கல்’ என்ற பெயர், ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. இப்போது ஊரில் எந்தக் கணக்கு இடித்தாலும், போலீசுக்குப் போனால் சிரிப்பார்கள் என்ற வகைச் சிக்கல்கள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வந்து சேர்ந்தன. பள்ளி விடுமுறை என்றால் டீச்சரும் வந்து சேர்ந்துவிடுவாள். யாரும் அழைக்க வேண்டியதில்லை.

“எந்தப் படம், டாக்டர்?” என்று கேட்டார் படிக்கல்.

“இத்தாலியப் போர்ப்படம். நாற்பத்தோரு டிஸ்க் வெச்சிருக்கேன். போர் முடிஞ்ச கையோட, இடிஞ்ச தெருவிலேயே காமிராவைத் தூக்கிட்டுப் போய் எடுத்தது. செட்டு கிடையாது, பெரிய நடிகர் கிடையாது. ரொட்டிக் கடைக்காரர் ரொட்டிக் கடைக்காரராவே வருவார். நவயதார்த்தம்னு படிச்சவங்க சொல்லுவாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் முதல்ல பாத்தது பல்லை.”

“பல்லையா?” என்றாள் டீச்சர்.

“ஆமாம்மா. மத்த படத்துல பசியில சாகறவனுக்குக்கூட முப்பத்திரண்டும் முத்தா இருக்கும். இதுல முன்பல் போனவன் இருப்பான், கறை பிடிச்சவன் இருப்பான், சொத்தைப் பல்லை நாக்கால தடவிக்கிட்டே பேசறவ இருப்பா. பொய் சொல்லாத படம்னு அன்னைக்கே பிடிச்சுப் போச்சு.”

அவர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மருத்துவமனை நடத்திய காலத்துப் பழக்கம் அது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் குறித்துப் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு படம் ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் என்று குறிக்கத் தொடங்கிவிட்டது. ஆறு வருடப் பதிவுகள் அதில் இருந்தன.

“குண்டு விழுந்த ஊர்ல ஒருத்தி கைவண்டியில ஒரு கட்டிலை வெச்சுத் தள்ளிக்கிட்டே புருஷனைத் தேடற படம். முன்ன எட்டு தடவை பாத்திருக்கேன். எட்டு தடவையும் நூத்தி நாலு நிமிஷம். போன மாசம் பாத்தா நூறு. சரி, நமக்குத்தான் கண் அசந்திருக்கும்னு மறுவாரமும் போட்டேன். மறுபடி நூறு. அப்புறம் இன்னும் மூணு படம் அதே மாதிரி. இதுவரைக்கும் மொத்தம் நாலு.”

“காட்சி ஏதாவது விட்டுப் போச்சா?”

“ஒண்ணுகூட இல்ல. எனக்கு ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம்.”

“கடிகாரம்?”

“மூணு கடிகாரத்தை வரிசையா வெச்சுப் பாத்துட்டேன். அதோட, நேத்து வேற ஒரு படம் போட்டேன். நூத்திப் பத்து நிமிஷப் படம். அது சுளையா நூத்திப் பத்தும் ஓடிச்சு.”

டாக்டரின் குரல் இதுவரை தெம்பாகத்தான் இருந்தது. இப்போது சற்று இறங்கியது.

“இதை நான் என் பையன்கிட்ட சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பாப் போச்சு. எங்கப்பா கடைசிக் காலத்துல சுவத்து ஓரமா ஆளு நிக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சார். ரெண்டு வருஷத்துல எங்களையே அடையாளம் தெரியாமப் போச்சு. பையன் சின்ன வயசுல அதைக் கூட இருந்து பாத்தவன். இப்ப நான் படம் சுருங்குதுன்னா அவனுக்கு வயித்தைக் கலக்காதா? நான் தனியா இருக்கக் கூடாதுன்னு முதியோர் இல்லத்துல இடம் வாங்கிட்டான். வெள்ளிக்கிழமை காலையில போகணும். அவன் கெட்டவன் இல்ல சார், பயந்துட்டான். நாலு நிமிஷம் எங்க போச்சுன்னு கண்டுபிடிங்க. இல்லே, எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சுன்னா அதையாவது நேரா சொல்லிடுங்க. நானே பெட்டியைக் கட்டிக்கறேன்.”

அன்று செவ்வாய்க்கிழமை. டீச்சருக்குச் சிரிப்பெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

படிக்கல் நோட்டைப் புரட்டி, செய்தித்தாள் ஓரத்தில் நாலு வரி எழுதினார். நூற்றி நாலு நிமிடப் படம் நூறு ஆகியிருந்தது. நூற்றி இருபத்தைந்து, நூற்றி இருபது ஆகியிருந்தது. எண்பத்தெட்டு, எண்பத்து நாலரை. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றிரண்டு. எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கே” என்றார். எது நல்லா இருக்கிறது என்று டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அன்று பிற்பகலே இருவரும் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவமனையை வேறொரு டாக்டருக்கு விட்டுவிட்டு, இவர் மாடியில் குடியிருந்தார். பழைய காத்திருப்பு அறையின் நாற்காலிகள், ஒரே கம்பியில் கோத்த ஆறு இருக்கைகள், அப்படியே மாடிக்கு ஏறிவந்து டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தன. சுவரில் கண்ணாடி அலமாரி. அதில் நாற்பத்தோரு டப்பாக்கள், படம் வெளிவந்த வருட வரிசையில் நின்றன.

“பிளேயர் எது?” என்று கேட்டார் படிக்கல்.

“இதுதான். எந்த நாட்டு டிஸ்க்கைப் போட்டாலும் முகம் சுளிக்காம ஓடும். தேடிப் பிடிச்சு வாங்கினேன்” என்று டாக்டர் பெருமையாகத் தட்டிக்கொடுத்தார்.

அறையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, கைகளில் வெள்ளைப் பருத்திக் கையுறை. ஒரு டிஸ்க்கை ஓரத்தில் மட்டும் பிடித்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஆபரேட்டர். நாற்பது வருடம் சினிமா தியேட்டரில் படம் ஓட்டியவர். டாக்டர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய நாளில் ஆரம்பித்த சிநேகம் இன்றுவரை நீடித்தது. தனிக்கட்டையான அவர் கொஞ்ச நாளாகத் தினமும் இங்கே வந்துவிடுகிறார்.

“டாக்டர் சொல்றது நடக்காத காரியம் சார்” என்று அவர் படிக்கல்லை ஓரமாக அழைத்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. “படம்னா செகண்டுக்கு இருபத்து நாலு ஃபிரேம். உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் இருபத்து நாலுதான். அதனால வேகம் மாறாது. வெட்டினாத்தான் நேரம் குறையும். ஒன்பது படத்தையும் உக்காந்து ஆதியோட அந்தமா பாத்துட்டேன். ஒரு ஃபிரேம்கூட வெட்டுப்படல. என்னத்தைச் சொல்ல? தங்கமான மனுஷன், அவருக்குப் போய் இப்படி ஆகணுமா?”

படிக்கல் தலையாட்டினார். ஆறுதல் சொல்கிறவர் மாதிரி அவர் கையுறையை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

டாக்டரின் மகனும் மருமகளும் அப்போது படியேறி வந்தார்கள். மகன் பாலம் கட்டும் பொறியாளர். தூக்கம் கெட்ட முகம். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் அந்த முகம் இன்னும் வாடியது.

“சார், நான் சந்தோஷமா இதைச் செய்யலை” என்றார். “ஆபரேட்டர் அங்கிளே சொல்லிட்டார். காட்சி குறையல, வேகம் மாறல. அப்ப நேரம் மட்டும் எப்படிக் குறையும்? ஒண்ணு, அப்பா முன்ன தப்பா எழுதியிருக்கணும். இல்லே இப்ப தப்பா எழுதணும்.”

“அட்டையிலேயே நூத்தி நாலுன்னு போட்டிருக்கேடா” என்றார் டாக்டர்.

“அட்டையில எதையும் கூட்டித்தான்ப்பா போடுவாங்க.”

மருமகள் பாட்டு டீச்சர். விரல் நகங்களில் சிவப்புப் பூச்சு பளபளத்தது. “நேரத்தைப் பத்தி எனக்குத் தெரியாது” என்று தயங்கினாள். “ஆனா மாமாவோட அந்தக் கட்டில் படத்துல ஒரு சிப்பாய் விசிலடிச்சுக்கிட்டே போவான். அந்த மெட்டை நான் என் பிள்ளைங்களுக்குப் பயிற்சிக்குக் கொடுக்கறது வழக்கம். போன வருஷம் போன்ல பதிஞ்சுகூட வெச்சிருக்கேன். இப்ப கேட்டா சுருதி அரைக் கட்டை ஏத்தமா இருக்கற மாதிரி இருக்கு. ஸ்பீக்கர் பழசாயிடுச்சுன்னு நினைச்சேன்.”

“ஸ்பீக்கர்தான்” என்றார் ஆபரேட்டர்.

டீச்சர் இதற்குள் அலமாரியைக் குடைய ஆரம்பித்திருந்தாள். சும்மா நிற்பது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். கட்டில் படத்தின் டப்பாவைத் திறந்தவள் உள்மூடியில் ஒரு வெண்மையான மங்கலைப் பார்த்தாள். மூச்சுக் காற்று படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை.

“எல்லா டப்பாவையும் பாரு” என்றார் படிக்கல்.

பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்பது டப்பாக்களில் அந்த மங்கல் இருந்தது. டாக்டர் சொன்ன நாலு படங்களும் அந்த ஒன்பதில் அடக்கம். படிக்கல் சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு மங்கலையும் பார்த்தார். பிறகு டிஸ்க்குகளை எடுத்து, நடு ஓட்டையைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பொறித்திருந்த எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டார். கட்டில் பட டப்பாவை மட்டும் டாக்டரிடம் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் வெற்றி முகத்தோடு படிக்கல் வீட்டுக்குள் நுழைந்தாள். கையில் ஒரு பழைய டப்பா. அதன் மேல் வெண்மையாக ஒரு திட்டு.

“அத்தான், பாருங்க. நகப்பூச்சு அழிக்கிற திரவம். பஞ்சுல நனைச்சு வெச்சேன், பிளாஸ்டிக் அப்படியே வெளுத்துப் போச்சு. அச்சா அதே மங்கல்!”

“நல்ல வேலை பண்ணியிருக்கே.”

“அந்த வீட்டுல நகப்பூச்சு போடறது யாரு? மருமகள். மாமனாரை இல்லத்துக்கு அனுப்பிட்டா மாடி வீடு யாருக்கு? மருமகளுக்கு. அவதான் டிஸ்க்குல என்னவோ பண்ணியிருக்கா. போதுமா?”

“போதாது” என்றார் படிக்கல். “டாக்டர் சொல்றது உண்மைன்னு காட்டற மாதிரி அந்த வீட்டுல இதுவரைக்கும் பேசினது ஒரே ஒருத்தர். அது மருமகள். அவரைப் பைத்தியமாக்க நினைக்கிறவ, சுருதி ஏறிக் கேக்குதுன்னு தானா வந்து ஏன் சொல்லணும்?”

டீச்சரின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. படிக்கல் இரவல் டப்பாவையும் பூதக்கண்ணாடியையும் அவள் பக்கம் தள்ளினார்.

“இந்த மங்கல் விரல் பட்ட தடம்தான். அதுல ரேகை தெரியுதா பாரு.”

பார்த்தாள். ரேகை இல்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கோடுகள், நெசவு மாதிரி. அவள் இரண்டு முறை பார்த்தாள். மனதில் ஒரு உருவம் வந்து நின்றது. சேச்சே, அந்த மனிதரா என்று தானே அதை விரட்டிவிட்டாள்.

“நான் கொஞ்சம் டிவி ரிப்பேர் கடைக்குப் போயிட்டு வரேன்” என்று படிக்கல் எழுந்தார். “நாளைக்கு நாலு மணிக்கு எல்லாரும் டாக்டர் வீட்டுல இருக்கணும்னு சொல்லிடு. உன் ஸ்டாப் வாட்ச் மறக்காதே.”

வியாழக்கிழமை நாலு மணிக்கு, கம்பியில் கோத்த நாற்காலிகளில் வரிசையாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பல் பிடுங்கக் காத்திருக்கும் கூட்டம் போலத்தான் இருந்தது. டாக்டர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மகன் மடியில் முதியோர் இல்லத்தின் காகித உறை. டீச்சர் கழுத்தில் ஸ்டாப் வாட்ச்.

படிக்கல் நின்றபடியே ஆரம்பித்தார். அவர் குரலில் அவசரம் இல்லை.

“என் வேலையில எடை குறையறது ரெண்டு விதம். கடைக்காரர் மூட்டைக்குள்ள கையை விட்டு அள்ளுவார். அப்ப ஒரு மூட்டையில ஒரு கிலோ குறையும், இன்னொண்ணுல மூணு குறையும். கைக்கு வந்தபடி. இன்னொரு விதம், எடைபோடற கல்லே மாறியிருக்கும். அப்ப எல்லாத்துலயும் ஒரே விகிதத்துல குறையும். டாக்டர் நோட்டைப் பாருங்க. நூத்தி நாலுல நாலு நிமிஷம். நூத்தி இருபத்தஞ்சுல அஞ்சு. எண்பத்தெட்டுல மூணரை. தொண்ணூத்தாறுல நாலு. எல்லாத்துலயும் இருபத்தஞ்சுல ஒரு பங்கு போயிருக்கு. யாராவது காட்சியை வெட்டியிருந்தா இவ்வளவு ஒழுங்கா வெட்ட முடியாது.”

மகனைப் பார்த்துத் திரும்பினார்.

“தம்பி, நீங்க கணக்குத் தெரிஞ்சவர். புத்தி தடுமாறின மனுஷன், நாலு படத்துலயும் பிசகாம இருபத்தஞ்சுல ஒரு பங்கு மறப்பாரா? மத்த படத்தைப் பாக்கும்போது மட்டும் சரியா எழுதுவாரா? உங்கப்பா மூளைதான் இந்த அறையிலேயே சரியா ஓடற கடிகாரம்.”

டாக்டர் மூச்சை மெதுவாக வெளியே விட்டார்.

“ஆனா வேகம் மாறாதே சார்!” என்றார் ஆபரேட்டர். அவர் குரலில் பிடிவாதத்தைவிடத் தவிப்புதான் அதிகம் இருந்தது.

“பாத்துடுவோம். நீங்க அந்த விசிலைப் போடுங்கம்மா.”

மருமகள் போனை எடுத்து, போன வருடம் பதிந்ததை ஓடவிட்டாள். டீச்சர் ஸ்டாப் வாட்சை அழுத்தினாள். இடிந்த தெருவில் யாரோ ஒருவன் நடந்துபோகும் விசில், மெல்ல எழுந்து மெல்ல அடங்கியது.

“அம்பது செகண்ட்” என்றாள் டீச்சர்.

பிறகு டிஸ்க்கில் அதே காட்சி. திரையில் சிப்பாய் நடந்தான். அதே தெரு, அதே விசில். மருமகள் போனில் இருந்த மெட்டை வாய்க்குள் முனகிப் பார்த்தாள், இதோடு அது சேரவில்லை. இப்போது கேட்ட பிறகு சுருதி தெரியாத டீச்சருக்குக்கூடத் தெரிந்தது.

“நாற்பத்தெட்டு!” என்று அவள் மைதானத்தில் கத்துவதுபோலக் கத்திவிட்டாள்.

ஆபரேட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தியேட்டர்ல இருபத்து நாலு. ஆபரேட்டர் சொன்னதுல தப்பே இல்லை” என்றார் படிக்கல். “ஆனா பாதி உலகத்துல டிவி செகண்டுக்கு இருபத்தஞ்சு ஃபிரேம் காட்டுது. அந்த நாடுகளுக்கு டிஸ்க் போடறவங்க சினிமாவைக் கொஞ்சம் வேகமா, இருபத்தஞ்சா ஓட்டிப் பதிஞ்சுடுவாங்க. கண்ணுக்குத் தெரியாது. காதுக்குச் சுருதி ஏறும். கடிகாரத்துக்கு நாலு நிமிஷம் குறையும். மீதி நாடுகளுக்குப் போடற டிஸ்க்ல படம் தன் வேகத்துலயே ஓடும். டாக்டர் வாங்கினது அந்த ரகம். இப்ப அலமாரியில இருக்கற ஒன்பது டிஸ்க் வேகமா ஓடற ரகம். கம்பெனி ஒண்ணு, மேல இருக்கற படம் ஒண்ணு. ஓட்டையைச் சுத்திப் பொறிச்சிருக்கற எண் மட்டும் வேற. டாக்டரோட பிளேயர் எதைப் போட்டாலும் ஓடும், அதனால யாருக்கும் சந்தேகம் வரல.”

“மாத்தி வெச்சுட்டாங்களா?” என்றார் மகன். “திருடறவன் எதுக்கு சார் அதே படத்தைத் தேடி வாங்கிக் கொண்டுவந்து வெக்கணும்?”

“அதேதான் நானும் யோசிச்சேன். திருடன் வெறும் டப்பாவை விட்டுட்டுப் போவான். இவர் மெனக்கெட்டு ஒன்பது படத்தையும் தேடிப் பிடிச்சிருக்கார். அப்ப டிஸ்க் களவு போகலை. கெட்டுப் போச்சு. கெட்டது தெரியக் கூடாதுன்னு மாத்தியிருக்கார். எப்படிக் கெட்டது? டப்பாவுல வெளுத்த தடம் இருக்கு. பிளாஸ்டிக்கைத் தின்கிற ஏதோ ஒரு மருந்துல நனைஞ்ச விரல் பட்ட தடம். அந்த விரல்ல ரேகை இல்லை, துணி நெசவு இருக்கு.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை நான் வந்தப்போ, நாலு படம் குறையுதுன்னுதான் டாக்டருக்கே தெரியும். நாலுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தார். ஒன்பது படத்தையும் பாத்துட்டேன்னு ஒருத்தர் மட்டும் சொன்னார்.”

டீச்சர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். ஆபரேட்டர் வெள்ளைக் கையுறைகளை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்து மடியில் வைத்துக்கொண்டார். வெறுங்கையோடு அவரைப் பார்க்க டீச்சருக்கு என்னவோ போல இருந்தது.

“பிலிம் துடைக்கிற மருந்து” என்றார் ஆபரேட்டர். “நாற்பது வருஷம் அதாலதான் ரீலைத் துடைச்சேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. ரெண்டு மாசத்துக்கு முன்ன டாக்டர் சாவியை என்கிட்ட கொடுத்துட்டு மூணு வாரம் ஊருக்குப் போயிருந்தப்போ, வந்து பாத்தா சந்தோஷப்படுவாரேன்னு, கைத்தடம் பட்ட டிஸ்க்கா ஒன்பது எடுத்துத் துடைச்சு வரிசையா காய வெச்சேன். மறுநாள் பாத்தா ஒன்பதும் பால் ஊத்தின மாதிரி வெளுத்துக் கிடக்கு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.”

“பிளாஸ்டிக்ல அதையா போட்டே?” டாக்டர் தன்னை மறந்து பழைய தொழில் குரலில் அதட்டினார். “பல் செட்டை அதுல முக்கினா மறுநாள் வாயில வெக்க முடியாதேய்யா! என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“கேட்கத் தோணலை டாக்டர். வெளிநாட்டுல ஒரு சேகரிப்பாளர்கிட்ட இந்த ஒன்பதும் இருந்துது. என்கிட்ட இருந்த பெரிய புரொஜெக்டர் லென்ஸை அனுப்பிட்டு மாத்திக்கிட்டேன். நீங்க ஊர்லேருந்து வர்றதுக்குள்ள வெச்சுட்டேன். ஒன்பதையும் உக்காந்து பாத்தேன். ஒரு காட்சி குறையலை, ஒரு கீறல் இல்லை. அப்பாடா, தப்பிச்சோம்னு நினைச்சேன்.”

“அது போகட்டும். டிஸ்க் போனா போகட்டும்” என்றார் டாக்டர். அவர் எழுந்து வந்து ஆபரேட்டருக்கு எதிரே நின்றார். “நாலு நிமிஷம் குறையுதுன்னு நான் வந்து சொன்னேனே. டிஸ்க்கை மாத்தினது உனக்குத் தெரியும். அப்பவும் வாயைத் திறக்கலை. என் பையன் என்னை இல்லத்துல சேர்க்கப் போறான். அப்பவும் திறக்கலை. ஏன்யா?”

டீச்சருக்கும் அதே கேள்விதான். அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது.

“சத்தியமா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணலை” என்றார் ஆபரேட்டர். “இருபத்து நாலு மாறும்னு யாராவது சொன்னா நான் அவனை அடிக்கப் போயிருப்பேன். படம் சரியா இருக்கு, நானே பாத்துட்டேன். அப்ப உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நம்பிட்டேன். கெட்டுப்போன டிஸ்க்கை மறைச்சதுக்குத் திட்டு வாங்கிக்கலாம் டாக்டர், அது ஒரு நாள் சங்கதி. நீங்க என்னை மறந்துடுவீங்களேன்னுதான் எனக்குப் பயம். இருக்கற கொஞ்ச நாளாவது கூட இருப்போம்னுதான் தினமும் வந்தேன்.”

அவர் அழுதார். வயதான ஆண்கள் அழுவது போல, சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்கக்கூட மறந்து அழுதார். டீச்சரின் கோபம் போன இடம் தெரியவில்லை. தன் கண்ணிலும் தண்ணீர் நிற்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஆட்டத்தில் தோற்றுவிட்டு அழும் பிள்ளைகளை அவள் ஆயிரம் பேரைத் தேற்றியிருக்கிறாள். இவரை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை.

மகன் எழுந்து அப்பாவிடம் வந்தார். “அப்பா, நான் உங்களை நம்பியிருக்கணும்.”

“நம்பியிருக்கணும்தான்” என்றார் டாக்டர். பூசி மெழுகாமல் சொன்னார். “ஒரு தடவையாவது என் பக்கத்துல உக்காந்து கடிகாரத்தைப் பாத்திருக்கலாம். சரி, விடு. பயத்துல பண்ணினே. எங்கப்பாவை நினைச்சா எனக்கும்தான் பயமா இருக்கு. எதுக்கும் அடுத்த வாரம் நல்ல டாக்டர்கிட்ட போய்த் தலையைச் சோதிச்சுக்கலாம். நீயும் கூட வா.”

மகன் தலையாட்டினார்.

“ஆனா நீ சொன்னதுல ஒண்ணு நியாயம். இந்த வயசுல ஒருத்தன் தனியா இருக்கக் கூடாது.” டாக்டர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த சிநேகிதரின் தோளைத் தட்டினார். “யோவ், கேட்டுதா? கீழே போய் என் பையனோட காரில ஏறு. உன் வீட்டுக்குப் போய்த் துணிமணியை எடுத்துட்டு வா. பின்னாடி அறை சும்மாதான் கிடக்கு.”

“டாக்டர், நான் பண்ணின காரியத்துக்கு...”

“பண்ணின காரியத்துக்குத்தான் சொல்றேன். இனிமே எதையாவது துடைக்கணும்னு தோணினா பக்கத்துல ஆள் இருக்கணும். உன்னைத் தனியா விட முடியாது.”

முதலில் மருமகள் சிரித்தாள். பிறகு மகன். ஆபரேட்டர் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். படிக்கல் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிளம்பலாம் என்று அவர் கண்ணைக் காட்டியும் டீச்சர் நகரவில்லை.

“இல்லத்துக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்ப்பா” என்று மகன் உறையைப் பிரித்தார்.

“கொடு இங்க. நீ பண்ண வேண்டாம். அந்தச் சந்தோஷம் எனக்கு வேணும்.”

டாக்டர் உறையில் இருந்த எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக நிதானமாக அழுத்தினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“வணக்கம்ங்க. நாளைக்குக் காலையில உங்ககிட்ட வந்து சேர வேண்டிய ஆளு பேசறேன்... ஆமாங்க, பல் டாக்டர். மறதிக் கேஸுன்னு எழுதியிருப்பீங்களே, அதே ஆள்தான்... இல்லைங்க, நேரம் மாத்தலை. நான் வரலை.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குதா? எழுதிக்குங்க. ஆளுக்கு ஞாபகம் எல்லாம் சரியா இருக்கு.”